அடிக்கிடை

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்குப் பஸ் வரும்வரை நிற்கிற பொறுமை தபீதாள் டீச்சருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. குடையை விரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவாள். சேலையூர் ஏரிக்கரை தாண்டும்போது பஸ் அவளைக் கடந்து போகும். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, “இன்னா டீச்சர், இன்னிக்கும் நடைதானா?” என்று சிரிப்பான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். வகுப்பிலும் நாற்காலி சும்மாதான் கிடக்கும். ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவாள். வீட்டில் மாதத்துக்கு ஒருமுறை பீரோவை இடம் மாற்றுவாள். “என்ன தபீதா தேடுறே?” என்று புருஷன் எட்மண்ட் கேட்பார். தனக்கென்று ஓர் இடம் தேடுகிறாள் என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

கேளம்பாக்கத்தில் ஒரு உபதேசியாருக்கு நான்காவது பெண்ணாகப் பிறந்தவள் தபீதாள். மூன்று அக்காமாரையும் கட்டிக்கொடுத்ததிலேயே உபதேசியார் ஓய்ந்துபோனார். இவள் டிரெயினிங் முடித்து, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் ஸ்கூலில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, முப்பத்திரண்டு வயதுவரை ஹாஸ்டல் அறையில் காலம் தள்ளினாள். 1963இல் எட்மண்டின் சம்பந்தம் வந்தது. பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். மனைவி ஞானஜோதி டைபாய்டில் போய் மூன்றாவது வருஷம். ஹில்டா என்று ஏழு வயதில் ஒரு பெண். நல்ல மனிதர், குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார் என்றார்கள். அத்தனையும் உண்மைதான். அவரிடம் குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இராப்பகலாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை விட்டதும் எட்மண்ட், “ஒரு இடத்துக்குப் போலாம் வா” என்றார். பீச்சுக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று தபீதாள் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவர் கூட்டிப்போனது ரயில் பாதைக்கு அப்பால் இருந்த கல்லறைத் தோட்டத்துக்கு. செம்மண் மேடு, நாலைந்து புங்கமரம், தலைக்கு மேலே பயிற்சி விமானங்களின் ஓயாத இரைச்சல். ஞானஜோதியின் கல்லறையை எட்மண்ட் கைக்குட்டையால் துடைத்தார். தோட்டத்துக்குப் பொறுப்பான சபைக் கமிட்டிக்காரர் லாசரஸ் அங்கே நின்றிருந்தார். புதுப் பெண்ணுக்கு விவரம் சொல்லவேண்டியது தன் கடமை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

“இந்தக் குழிக்கு அடிக்கிடை ஞானஜோதியம்மா, டீச்சர். மேல சாருக்கு. அப்பவே எட்டடி வெட்டச் சொல்லி ஏற்பாடு. பதினாலு வருஷம் கழிஞ்சா திறக்கலாம்.”

எட்மண்ட் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ரயிலில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்ட ஆளுக்கு இருக்கிற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

தமிழ் டீச்சரான தபீதாள் அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. அர்த்தம் புரியாமல் இல்லை. படுத்த படுக்கையாகிவிட்டவரைக் கிடையாய்க் கிடக்கிறார் என்கிறோம். அடியில் கிடந்தால் அடிக்கிடை. ஸ்டாஃப் ரூமில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று இருந்தது. அதில் தேடினாள், இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் அது அன்றாடம் புழங்குகிற சொல், அதற்கென்று ஒரு முறையும் இருந்தது. ஒரு குழிக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். முதலில் இறங்கியவர் அடிக்கிடை, பின்னால் வருகிறவர் மேலாள். தனியாகப் புதைத்தவரை அடிக்கிடை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேலே ஒருவர் வரப்போகிறார் என்பது நிச்சயமானால்தான் கீழே கிடப்பவருக்கு அந்தப் பெயர். மேலாளும் இறங்கியாயிற்று என்றால் குழியை மூடி, கல்லைப் பதித்து, அதற்குமேல் யாருக்கும் இடமில்லை என்று விட்டுவிடுவார்கள்.

அப்படியானால் எனக்கு?

அன்றைக்கு அதை வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கழுத்தில் தாலி ஏறி ஒரு வாரம்கூட ஆகாத பெண், புருஷனின் முதல் மனைவி கல்லறை முன்னால் நின்றுகொண்டு அதை எப்படிக் கேட்பாள்? கேட்காமல் வீட்டுக்கு வந்தாள். வந்த வேகத்தில் பீரோவை முதல் தடவையாக இடம் மாற்றினாள்.

சாகிற வயதா அது, அதற்குள் என்ன இடம் வேண்டிக்கிடக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். ஹாஸ்டல் கட்டிலிலேயே இளமை கழிந்தவளுக்குத்தான் அது தெரியும். பிறந்த வீட்டில் அக்காமார் போட்டுக் கழித்த தாவணி, ஹாஸ்டலில் யாரோ பெயர் செதுக்கிவைத்த மேஜை, இங்கே ஞானஜோதி புழங்கிய அம்மிக்கல். எல்லாமே யாரோ இருந்து எழுந்துபோன இடம். கடைசியாகப் படுக்கிற இடமாவது தன்னுடையதாக இருக்குமென்று அவள் நினைத்தது பேராசை ஒன்றும் இல்லை.

அந்தச் சொல்லோ அவளை விடுவதாக இல்லை. எட்மண்டுக்கு அது வீட்டுப் பேச்சு. பானையின் அடியில் தங்கிய சோற்றை, “அடிக்கிடையை எனக்குப் போடு, அதுதான் ருசி” என்பார். ஹில்டாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஸ்கூல் பாவாடையின் மடிப்பு கலையாமல் இருக்க இரவில் அதை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு, “சித்தி, பாவாடையை அடிக்கிடை போட்டுட்டேன், மேல நான் படுத்துக்கிறேன்” என்று கத்தினாள் ஒரு நாள். தபீதாள் விடுவிடுவென்று போய் மெத்தையைத் தூக்கிப் பாவாடையை இழுத்து வெளியே எறிந்தாள். “இந்த வீட்டுல இனி அந்த வார்த்தை வாயில வரக்கூடாது” என்றாள். பிள்ளை மிரண்டுபோய் நின்றது. பத்து வயதுக் குழந்தையிடம் காட்டுகிற கோபமா அது என்று பிறகு தன்னையே வைதுகொண்டு, விடிவதற்கு முன் எழுந்து, இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு அந்தப் பாவாடையைத் தேய்த்து வைத்தாள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அன்றிலிருந்து ஹில்டாவின் துணி எல்லாம் அவள் தேய்த்ததுதான். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க விழித்திருந்ததும் அவள்தான், கணக்கு வராத பெண்ணைக் காதைத் திருகி எஸ்.எஸ்.எல்.சி. தாண்ட வைத்ததும் அவள்தான்.

தனக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தால் மனசு அடங்கியிருக்குமோ என்னவோ. பிறக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தால் மூன்று பேருமாகப் போவார்கள். எட்மண்ட் சுண்ணாம்பு அடிப்பார், ஹில்டா செவ்வந்திப் பூவை அடுக்குவாள், தபீதாள் கையில் மெழுகுவர்த்தியோடு தோட்டம் முழுக்கச் சுற்றிவருவாள். ஊரார் கல்லையெல்லாம் படிப்பாள். எந்த மூலை காலியாக இருக்கிறது என்று அவள் கண் தன்னால் தேடும். 1969இல் என்று நினைவு, திரும்பி வரும் வழியில் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

“என்னங்க, நான் செத்தா என்னை எங்க வைப்பீங்க?”

எட்மண்ட் நின்று யோசித்தார். அவர் எதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்வார், அதுதான் வினை. “ஏன், இடமா இல்ல? கமிட்டியில சொன்னா ஒண்ணு குடுப்பாங்க” என்றார்.

ரேஷன் கடையில் சர்க்கரை கொடுப்பார்கள் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவரே மறுபடி சொன்னார். “ஜோதிக்கு இருட்டுன்னா பயம், தபீதா. கடைசி நாள்ல கையப் பிடிச்சுக்கிட்டு, என்னைத் தனியா விட்டுடாதீங்கன்னா. சரின்னுட்டேன். சொன்ன வாக்க நான் எப்படி மாத்த?”

மாற்றச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. செத்தவளிடம் சண்டை போட முடியாது, வாக்குத் தவறாதவரிடமும் சண்டை போட முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நடக்கத்தான் முடியும். ஸ்கூலுக்கு நடப்பது போதாமல் அதற்குப் பிறகு சாயங்காலங்களில் மாடம்பாக்கம்வரை போய்வர ஆரம்பித்தாள்.

1975 ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து ஸ்கூல் திறந்த வாரம், எட்மண்ட் காலையில் காபி கேட்டார். டம்ளரோடு அவள் வருவதற்குள் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். யாருக்கும் தொந்தரவு வைக்கவில்லை. குழி திறக்கிற கெடு தாண்டி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதிலும் மனிதர் சொன்ன வாக்குத் தவறவில்லை என்று தபீதாளுக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அடக்கம் என்று போதகர் சொல்லிவிட்டார். வீட்டில் ஐஸ் பாளம் வந்து இறங்கியது, சொந்தக்காரர்கள் வந்தார்கள், பாட்டுப் புத்தகம் விரித்தார்கள். தலைமாட்டில் உட்காரவேண்டிய தபீதாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அங்கிருந்து எழுந்தவள், யாரிடமும் சொல்லாமல் பின்கட்டு வழியாக வெளியே வந்து நடந்தாள். தாலி கட்டினவரைப் போட்டுவிட்டுப் போகிறாளே என்று வீட்டில் ஒரு கிழவி வாயில் அடித்துக்கொண்டாளாம். பின்னாலேயே ஹில்டா ஓடிவந்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, காலேஜ் படிக்கிற பெண். “எங்க சித்தி போறீங்க?” என்றாள். “தெரியலடி” என்றாள் தபீதாள். கால் போன இடம் கல்லறைத் தோட்டம்.

அங்கே குழிவெட்டி எத்திராஜ் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பக்கத்தில் லாசரஸ். குழி இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது.

“இன்னாப்பா, ஏன் நிறுத்திட்டே?” என்றார் லாசரஸ்.

“இன்னாத்த சொல்றது சார்? மூணு அடியிலயே பொட்டி தெரியுது. அதுக்குக் கீழ பாறை கீது. எம்மாமன் வீராசாமிதான் அப்போ வெட்டினது. செம மழை, குழியெல்லாம் தண்ணி, பாறை வேற. அவரால ஆவல. அதிலயே இறக்கிட்டு வாயத் தொறக்காம வூட்டுக்கு வந்துட்டாரு. இப்ப அவரும் இல்ல, யாரக் கேக்கறது?”

எட்டடி இல்லை. ஞானஜோதிக்கு மேலே இடமே இல்லை. இத்தனை வருஷமும் எட்மண்ட் நிம்மதியாகத் தலையாட்டியது இல்லாத இடத்துக்கு.

லாசரஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “டீச்சர், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதை இப்படியே மூடிடலாம். சாருக்குப் புதுசா, அந்தப் பக்கம் மண்ணு இளக்கமா இருக்கு, ஆழமா வெட்டிடலாம். சார் அடிக்கிடை. பின்னால மேல உங்களுக்கும் ஆச்சு. இதைக் கர்த்தர் காட்டின வழின்னு வச்சுக்கோங்க.”

தபீதாளுக்குச் சந்தோஷம் வந்தது. புருஷன் வீட்டில் ஐஸ் மேல் கிடக்கிறார், இவளுக்குச் சந்தோஷம் பொங்குகிறது. என்ன பெண் இவள் என்று யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். பன்னிரண்டு வருஷம் அலைந்தவளுக்கு ஒரு நிமிஷம் அது வந்தது. சரியென்று சொல்ல வாயைத் திறந்தவள், ஹில்டாவைப் பார்த்தாள். ஹில்டா குழியைப் பார்க்கவில்லை. முகத்தைப் புங்கமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அப்பா அம்மாவிடம் சொன்ன வாக்கு பொய்யாகப் போகிறது, அதைத் தடுத்துப் பேசத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியாமல் நிற்கிறாள் என்பது தபீதாளுக்குப் புரிந்தது. ஏனென்றால் அவளும் இதே இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள்தான்.

“எத்திராஜ், அந்தப் பாறையை உடைக்க முடியுமா?” என்று கேட்டாள்.

“உடைக்கலாம் டீச்சரம்மா. இன்னும் மூணு ஆளு வந்தா நாலு மணிக்குள்ள உடைச்சிரலாம். ஆனா அந்தம்மாவ மேல எடுக்கணும். எடுத்தா தரையில வெக்கக் கூடாது. திரும்ப உள்ள வெக்கிற வரிக்கும் வூட்டு ஆளு ஒருத்தர் மடியில வச்சுகினு குந்தணும். அது முறை.” அவன் ஹில்டாவைப் பார்த்தான். “பொண்ணுதான் ஏந்தணும்.”

ஹில்டா ஓரடி பின்னால் நகர்ந்தாள். “சித்தி, என்னால…” என்றாள்.

“நீ ஒண்ணும் செய்ய வேணாம். கடைக்குப் போய் வெள்ளை மல் துணி நாலு கெஜம் வாங்கிட்டு வா” என்றாள் தபீதாள்.

புங்கமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். எத்திராஜ் எலும்புகளை மண் தட்டிப் பொறுக்கி, ஹில்டா வாங்கிவந்த துணியில் வைத்து முடிந்து, அவள் மடியில் கொடுத்தான். ஒரு சின்ன மூட்டை. ஒரு வீட்டையே அடைத்துக்கொண்டிருந்தவள் இவ்வளவுதானா என்றிருந்தது தபீதாளுக்கு. கனமே இல்லை. ஆட்கள் வந்தார்கள், கடப்பாரை பாறையில் பட்டுக் கணீர் கணீர் என்றது. ஒவ்வொரு அடிக்கும் மூட்டை லேசாக அதிர்ந்தது. அவள் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கால் மரத்துப்போயிற்று. எறும்பு கடித்தது. வீட்டிலிருந்து ஆள் வந்து, “எல்லாரும் கேக்குறாங்க டீச்சர், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்றான். “வர முடியாதுன்னு சொல்லு” என்றாள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை, அதனால் மூட்டையிடம் பேசினாள். ஹில்டா கேட்காத தூரத்தில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

“உன் வீட்டுக்காரர் கடைசியாக் காபி கேட்டார், குடிக்கல. நான் லேட்டு பண்ணிட்டேன். உன் பொண்ணுக்குக் கணக்கு சுத்தமா வரல, யாரு மாதிரின்னு தெரியல, என்னை மாதிரி இல்ல. உன் அம்மிக்கல் குழிஞ்சுபோச்சு, கொத்தி வச்சிருக்கேன். உன்மேல எனக்கு ரொம்ப நாளாக் கோபம் ஜோதி. இருட்டுன்னா பயம்னியாமே. எனக்கும் பயம்தான். நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?”

சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் வழிந்தது. அது எட்மண்டுக்காகவா, ஞானஜோதிக்காகவா, தனக்காகவா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

மூன்றரைக்குப் பாறை உடைந்தது. எத்திராஜ் கோலை விட்டு அளந்துகாட்டினான். தபீதாள் மூட்டையை அவன் கையில் கொடுத்தாள். அவன் கீழே இறங்கி, தலைமாடு பார்த்து வைத்து, மேலே ஒரு சாண் மண் போட்டான். எழுந்திருக்கப் பார்த்தபோது அவளுக்கு முழங்கால் நிற்கவில்லை. ஹில்டா ஓடிவந்து தூக்கிவிட்டாள்.

லாசரஸுக்கு மனசு கேட்கவில்லை. “சாயங்காலத்தோட இது மூடின குழி டீச்சர். உங்களைப் பத்திக் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்” என்றார்.

“என்னைப் பத்தி யோசிக்க என்ன இருக்கு? செத்தா எங்கயாவது ஒரு ஓரமாப் போடுங்க” என்றாள் தபீதாள். சொல்லிவிட்டு மண்ணைத் தட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

ஹில்டா அசையவில்லை. “லாசரஸ் அங்கிள், இதை ஒட்டி அடுத்த இடம் யாருக்காவது சொல்லியிருக்கா?”

“இல்லம்மா, காலியாத்தான் இருக்கு.”

“அப்ப அதை எங்களுக்கு வச்சிடுங்க. அதுக்கு அடிக்கிடை எங்க சித்தி. மேல நான்.”

தபீதாள் சுரீரென்று திரும்பினாள். “வாயை மூடுடி! கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு பேசுற பேச்சா இது?”

லாசரஸ் திகைத்துப்போனார். “ஹில்டாம்மா, மேலாள்னா புருஷன் பெஞ்சாதியா இருக்கணும், இல்ல பெத்த பிள்ளையா இருக்கணும். கமிட்டியில கேப்பாங்களே.”

“கேட்டா என்கிட்ட அனுப்புங்க. எங்க அம்மாவைக் காலையிலேர்ந்து மடியில வச்சிருந்தது யாருன்னு நான் சொல்றேன்.” ஹில்டாவின் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. “கல்யாணம் ஆகட்டும், எங்க வேணா போறேன். கடைசியில இங்கதான் வருவேன். சித்தியைத் தனியா விட்டா அவங்க அங்கயும் எழுந்து நடக்க ஆரம்பிச்சுடுவாங்க.”

எத்திராஜ் சிரித்துவிட்டான். லாசரஸ் தபீதாளைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?”

தபீதாள் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். கொஞ்சம் சப்பாத்தி முள்ளும் சரளைக் கல்லும் கிடந்தன. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு வகுப்பில் பேசுகிற கண்டிப்பான குரலில் எத்திராஜைக் கூப்பிட்டாள்.

“எனக்கு வெட்டுறப்ப எட்டடி வெட்டணும். மழை பெஞ்சாலும் எட்டடி, பாறை வந்தாலும் எட்டடி. உன் மாமன் மாதிரி பாதியில விட்டுட்டுப் போகாதே. என் பொண்ணு வரணும்.”